ஏழாம் நம்பர் மலையில் நான் நட்ட வரலாறு

ஒரு தோட்டத்தில் வேலையை நிறுத்த வேண்டுமென்றால் தொழிற்சங்கம், கொடி, கோஷம் எல்லாம் வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஒன்றும் வேண்டாம். உயர்தரத்துக்கு வரலாறு படிக்கிற ஒரு பிள்ளையும், பதினான்கு விறகுக் கம்பும், நகத்துக்குப் பூசுகிற கியூடெக்ஸ் அரைக் குப்பியும் இருந்தால் போதும். நான் செய்து காட்டியிருக்கிறேன். (விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டயகமப் பக்கம் எங்கள் தோட்டத்தில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். நீங்கள் கேட்காவிட்டாலும் அவர்களே சொல்லுவார்கள்.)

இது நடந்து எட்டு வருடமாகிறது. அப்போது நான் உயர்தரம் இரண்டாம் வருடம், கலைப்பிரிவு. தமிழ், அரசறிவியல், வரலாறு என்று மூன்று பாடம். முதல் இரண்டும் எப்படியோ தலைக்குள் போய்விட்டன. வரலாறுதான் என்னைக் கண்டாலே ஓடியது. கதையெல்லாம் நன்றாகத் தெரியும். யார் யாரை ஏமாற்றினார்கள், யார் யாரைக் காட்டிக் கொடுத்தார்கள் என்று கேட்டால் கீழே பணிய லயத்து வரிசை வீடுகளில் நடந்த சண்டையைச் சொல்வது மாதிரி விலாவாரியாகச் சொல்லுவேன். வருடம் கேட்டால் மட்டும் வாய் ஒட்டிக்கொள்ளும். ஒரு தவணைப் பரீட்சையில் கண்டி ஒப்பந்தத்தை 1818 இலும், அதற்குப் பிறகு வெடித்த கலகத்தை 1815 இலும் வைத்துவிட்டேன். ஒப்பந்தம் போடுவதற்கு மூன்று வருடம் முன்பே அதை எதிர்த்துக் கிளம்பிய வீரர்கள் என்னுடைய விடைத்தாளில் மட்டும்தான் இருந்தார்கள். டீச்சர் நூற்றுக்கு முப்பத்தொரு புள்ளி போட்டு, பக்கத்தில் சிவப்புப் பேனையால் “கதை நன்று, வருடம் எங்கே?” என்று எழுதியிருந்தார்.

படிக்காமல் இருந்தேன் என்று நினைக்காதீர்கள். மாடு மாதிரிப் படித்தேன். முக்கியமான வரிகளுக்கு மட்டும் நிறம் அடிக்கலாம் என்று மஞ்சள் ஹைலைட்டர் ஒன்று வாங்கினேன். எனக்கு எல்லா வரியும் முக்கியமாகத் தெரிந்ததால் புத்தகம் முழுக்க மஞ்சளாகி, அடிக்காமல் விட்ட இரண்டு வரி மட்டும் பளிச்சென்று கண்ணில் பட்டது. அந்த இரண்டும் இன்றைக்கும் மனப்பாடம். (அச்சகத்தின் விலாசம்.) பிறகு நோட்ஸ் முழுவதையும் மூன்று தரம் பார்த்து எழுதினேன். கொப்பி தீர்ந்தது, கை வலித்தது, தலைக்கு ஒரு தகவலும் போய்ச் சேரவில்லை. காலையில் எழுந்து சத்தம் போட்டுப் படித்தும் பார்த்தேன். லயத்துச் சுவர் எவ்வளவு தடிப்பு என்று உங்களுக்குத் தெரியுமே. பக்கத்துக் காம்பரா லெச்சுமி அக்கா பைப்படியில் என்னைப் பார்த்து, ஒல்லாந்தர் இன்னும் போகலையா புள்ள என்று விசாரித்ததுதான் மிச்சம்.

பரீட்சைக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது போனில் ஒரு வீடியோ பார்த்தேன். கோட்டும் டையும் கட்டிய ஒருவர், ஞாபகத்தில் வைக்க வேண்டியதை எல்லாம் உங்கள் வீட்டு அறைகளில் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் வையுங்கள், பரீட்சை மண்டபத்தில் கண்ணை மூடிக்கொண்டு வீட்டுக்குள் நடந்து போனால் எல்லாம் வரிசையாக வந்துவிடும் என்றார். ஹோலில் ஒன்று, சாப்பாட்டு அறையில் ஒன்று, மாடிப்படியில் ஒன்று. அவருக்கென்ன, சொல்லுவார். எங்கள் வீடு படுக்க ஒரு காம்பரா, முன்னால் திண்ணை மாதிரி இஸ்தோப்பு, பின்னால் சமைக்கக் குசினி. இஸ்தோப்பில் போர்த்துக்கீசரை வைத்தேன். காம்பராவில் ஒல்லாந்தர். குசினியில் ஆங்கிலேயர். அதோடு வீடு முடிந்துவிட்டது, சுதந்திரத்துக்கு இடமில்லை. (வெளியே கக்கூஸ் இருந்தது. அங்கே கொண்டுபோய் வைக்க மனம் வரவில்லை.)

அப்போதுதான் எனக்கு ஏழாம் நம்பர் மலை ஞாபகம் வந்தது. எங்கள் தோட்டத்தில் தேயிலை நிற்கிற ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் மலை என்றுதான் பெயர், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். லயத்திலிருந்து பஸ் எடுக்க றோட்டுக்குப் போகிற குறுக்குப்பாதை ஏழாம் நம்பருக்குள்தான் ஏறிப் போகும். ஆறு வயதிலிருந்து நடந்த பாதை. எந்தக் கல் ஆடும், எந்த வளைவில் அட்டை ஏறும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். இதைவிடப் பெரிய வீடு எனக்கு எங்கே கிடைக்கப்போகிறது?

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மனதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் அந்தக் கோட்டுக்காரர் சொன்னார். எனக்கு மனதில் வைத்தால் நிற்காது என்கிற பயம். அதனால் மண்ணிலேயே வைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். விறகுக்கு அடுக்கியிருந்ததில் நேரான கம்புகளாகப் பொறுக்கி அப்பாவிடம் கொடுத்தேன். அப்பா தேயிலைப் பெக்டரியில் வேலை. அதிகம் பேசாத மனிதர், கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்வார். ஸ்கூலுக்குச் செய்து கொடுக்க வேண்டிய ஒப்படை என்றதும் பதினான்கு கம்பையும் ஒரே அளவாக அறுத்து, அடியைக் கூராகச் சீவியும் கொடுத்துவிட்டார். கோயில் மதிலுக்கு அடித்து மிஞ்சிய வெள்ளைப் பெயின்டைக் கோயிலுக்குப் பின்னாலேயே வைத்துப் பூசி, காய்ந்த பிறகு என்னுடைய சிவப்பு கியூடெக்சால் முத்து முத்தாக வருடத்தை எழுதினேன். 1505 இல் தொடங்கி 1948 வரைக்கும். கலகம் நடந்த வருடத்துக்குச் சிவப்பு ரிப்பன், ஒப்பந்தத்துக்கு மஞ்சள், சீர்திருத்தத்துக்கு நீலம். அவ்வளவு அழகாக நான் வேறு எதையும் செய்ததில்லை. ஒரு சர்வேயர் வந்து பார்த்திருந்தால் அவருடைய கம்பைத் தூக்கி எறிந்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை பகல் போய் நட்டேன். ஒளித்துச் செய்யவில்லை. அன்றைக்கு மலையில் வேலையும் இல்லை, பனி மூடி இருந்ததால் பார்க்க ஆளும் இல்லை. ஏழாம் நம்பரில் சனிக்கிழமைதான் கொழுந்து எடுத்து முடித்திருந்தார்கள், அடுத்த சுற்று வர ஒரு கிழமையாவது ஆகும். அதற்குள் நான் ஏழெட்டுத் தடவை ஏறி இறங்கிப் பாடமாக்கிவிட்டுக் கம்பைப் பிடுங்கிவிடுவேன். இதுதான் திட்டம். வீட்டில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

இங்கே அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா அதே மலைகளில் கொழுந்து எடுப்பவர். சம்பவத்துக்கு இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் சங்கத்தில் எங்கள் பிரிவுப் பெண்களுக்குத் தலைவியாக வந்திருந்தார். தோட்டத் தலைவர் ராமையா அண்ணன் மாதிரி இருபது வருட அனுபவம் எல்லாம் இல்லை. பொம்பளை ஒருத்தி சொல்லி இந்தத் தோட்டத்தில் வேலை நின்றுவிடுமா என்று சில ஆம்பிளைகள் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் சிரித்ததும் அம்மாவின் காதில் விழுந்திருந்தது. அம்மா கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். வீட்டில் மட்டும், ஒரு நாள் வரும் பார் என்றார்.

அந்த நாள் மறுநாளே வந்துவிட்டது. நான் டவுனில் மொடல் பரீட்சை எழுதப் போய்விட்டேன். காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் கங்காணி திடீரென்று, ஏழாம் நம்பரில் மேல்பக்கம் கொஞ்ச நெறை (தேயிலை வரிசை) மிச்சம் கிடக்கிறது, முதலில் அதை முடியுங்கள் என்று பெண்களை அங்கே அனுப்பிவிட்டார். போனவர்கள் பனிக்குள் வெள்ளைக் கம்பைக் கண்டார்கள். ஒன்று, இரண்டு, பிறகு வரிசையாகப் பதினான்கு.

முதலில் எல்லோருக்கும் சந்தோஷமாம். வீடு கட்டக் காணி தரப்போகிறார்கள், அதற்குத்தான் துண்டு போட்டு நம்பர் குத்தியிருக்கிறார்கள் என்று பேச்சு. லெச்சுமி அக்கா 1815 எனக்கு என்று கூடையை இறக்கி வைத்துவிட்டார், பைப்புக்குக் கிட்டவாம். அதே துண்டில் ராக்கம்மா அக்காவும் கண் வைத்திருந்ததால் இரண்டு பேரும் வாய்ச்சண்டையில் இறங்கிவிட்டார்கள். கண்டி இராச்சியத்துக்குப் பிறகு 1815 க்காக நடந்த பெரிய சண்டை அதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் அம்மா சண்டையில் சேரவில்லை. நம்பர்களை மேலிருந்து கீழாக ஒரு தரம் பார்த்துக்கொண்டு வந்து ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். நம்ம பிரிவில் எல்லா லயத்தையும் சேர்த்தாலும் இருநூறு குடும்பம் தேறாது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டு யாருக்கு?

நடுவில் இல்லாத நம்பரெல்லாம் ஏற்கெனவே வெளியாளுக்கு விற்றாகிவிட்டது என்றார் ஒருவர். சிவப்பு ரிப்பன் கட்டிய இடத்துக்கு நேராக இருக்கிற லயத்தை உடைக்கப் போகிறார்கள் என்றார் இன்னொருவர். ஒரு கடிதம் இல்லை, ஒரு கூட்டம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை பார்த்துக் கள்ளத்தனமாக வந்து நட்டிருக்கிறார்கள் என்றதும் மேலே நின்ற பெண்களும் பாதைக்கு இறங்கி வந்துவிட்டார்கள். அம்மா கூடையைக் கழற்றி வைத்துவிட்டு, இதுக்குப் பதில் வராம ஒரு கொழுந்து கிள்ளக்கூடாது என்றார். வேலை நின்றது. பத்து மணிக்குள் மற்ற மலைகளிலும் நின்றுவிட்டது. மடுவத்தில் சிரித்த ஆம்பிளைகளும் தேயிலை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை வைத்துவிட்டு வந்து அம்மாவுக்குப் பின்னால் நின்றார்களாம்.

இது ஒன்றும் தெரியாமல் நான் பின்னேரம் பஸ்ஸால் இறங்கினேன். குறுக்குப்பாதைக்குப் போகுமுன்பே, றோட்டோரக் கோயிலடியில் சனம். ராமையா தலைவர் என்னைக் கண்டதும், வாம்மா, படிச்ச புள்ள, துரைக்கு ஒரு மகஜர் எழுதணும், நல்ல தமிழில் எழுது என்று கொப்பியை நீட்டினார். என்ன விஷயம் என்றேன். நிலத்தைக் கள்ளத்தனமாக அளந்து நம்பர் போட்டுக் கம்பு நட்டிருக்கிறார்கள் என்றார்.

கம்பு, நம்பர் என்றதும் உனக்கு உறைக்கவில்லையா என்று இன்றைக்கும் எல்லோரும் கேட்கிறார்கள். சத்தியமாக இல்லை. அவர் சொன்னது சர்வேயர் கம்பு. என்னுடையது வரலாறு. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. மொடல் பரீட்சையில் எழுதக் கிடைக்காத அத்தனை வசனத்தையும் அந்த மகஜரில் கொட்டினேன். எங்கள் முன்னோரின் வியர்வை என்று தொடங்கி, “மறைந்திருந்து இக்கம்புகளை நாட்டிய கைகளை வரலாறு ஒருபோதும் மன்னிக்காது” என்று முடித்தேன். தலைவர் அந்தக் கடைசி வசனத்தை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் இருந்த பெருமையை நினைத்தால் இப்போதும் எனக்கு முகம் சுடுகிறது.

ஆபீசுக்கு ஊர்வலமாகப் போனோம். தோட்டத்துக்குப் பொறுப்பான பெரிய துரை வாசலுக்கு வந்தார். கண்டிப் பக்கத்துச் சிங்களவர், மலையில் நடந்தே தமிழ் பழகியவர், ஆள் மோசமில்லை. தலைவர் மகஜரை வாசிக்க வாசிக்க அவர் முகத்தில் குழப்பம் கூடிக்கொண்டே போனது. எந்தக் கம்பு, யார் அளந்தது, எனக்கு ஒன்றும் தெரியாதே என்றார். தெரியாதாம் என்று சனம் சிரித்தது. கங்காணி ஒரு கொழுந்துச் சாக்கைக் கொண்டுவந்து, மலையில் பிடுங்கியதை எல்லாம் படியில் கொட்டினார்.

என்னுடைய எட்டு கொஞ்சம் விசேஷமானது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு முட்டை வைத்த மாதிரி இருக்கும். படியில் கிடந்த கம்புகளில் எட்டு எட்டாக அந்த முட்டைகள் என்னைப் பார்த்துச் சிரித்தன. கூட்டத்தில் அப்பாவைத் தேடினேன். அப்பா கம்பைப் பார்த்தார், அவர் அறுத்த அறுப்பு அவருக்குத் தெரியாதா, பிறகு என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு ஆபீஸ் கூரைத் தகரத்தை அவ்வளவு கவனமாக ஒரு மனிதன் பார்த்து நான் கண்டதில்லை.

இப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. துரை உள்ளே போய்க் கொழும்புக்குப் போன் பண்ணினார். கம்பனி தனக்குச் சொல்லாமலே நிலத்தை அளக்கிறதோ என்று அவருக்கும் பயம் வந்திருக்க வேண்டும், குரல் வெளியே கேட்டது. திரும்பி வந்தபோது முகம் இறுகி இருந்தது.

“கொழும்புக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பொலிசுக்கு சொல்றேன், அவங்க தேடட்டும்” என்றார். “ஆனா அறிவிப்பு இல்லாம வேலைய நிப்பாட்டினது யாரு? அது எனக்கு தெரியணும்.”

“நான்தாங்க தொர” என்று அம்மா முன்னால் போனார்.

கிளார்க் புத்தகத்தைத் திறந்து அம்மாவின் பெயரை எழுதத் தொடங்கினார். அந்தப் புத்தகத்தில் பெயர் ஏறினால் விசாரணை, விசாரணை முடியும் வரை வேலை இல்லை, தலைவிப் பதவியும் அதோடு போகும். அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அம்மா நிமிர்ந்து நின்று, கிளார்க் பிழையாக எழுதிவிடக்கூடாது என்று பெயரை இன்னொரு தரம் நிறுத்திச் சொன்னார். அதைக் கேட்ட பிறகு என்னால் சும்மா நிற்க முடியவில்லை.

“அந்தக் கம்ப நான்தான் நட்டேன்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் தரம் சொன்னபோது எல்லோருக்கும் கேட்டது.

எதற்கு என்று துரை கேட்டார். ஹிஸ்டரி பாடமாக்க என்றேன்.

அத்தோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ராமையா தலைவர் நம்பவில்லை. பாருங்கள், பிரச்சினையை மூடி மறைக்க ஒரு படிக்கிற பிள்ளையைப் பிடித்துப் பொய் சொல்ல வைக்கிறார்கள் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எந்தப் பிள்ளை பாடமாக்குவதற்கு மலையில் கம்பு நடும்? உன் கம்பு என்றால் இதற்குப் பதில் சொல்லு பார்ப்போம் என்று குனிந்து ஒன்றை எடுத்து நீட்டினார். 1796.

எனக்கு ஒன்றுமே வரவில்லை. சத்தியமாக ஒன்றுமே இல்லை. அடுத்ததை எடுத்தார், 1638. அதுவும் இல்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் வருடங்களைப் படிக்கவில்லை, இடங்களைப் படித்திருக்கிறேன். ஆடுகிற கல்லில் ஒன்று, பைப்படியில் ஒன்று என்று மண்ணோடு சேர்த்து வைத்ததைக் கங்காணி பிடுங்கிக்கொண்டுவந்து குவித்துவிட்டார். ஆபீஸ் படியில் கிடக்கிற 1796 எனக்கு வெறும் விறகு.

“மலையில வச்சுக் கேளுங்க, சொல்றேன்” என்றேன். அழுகை வந்துவிட்டது.

நம்புவீர்களோ இல்லையோ, அத்தனை பேரும் மலைக்கு நடந்தோம். முன்னால் சாக்கோடு கங்காணி, பிறகு நான், துரை, தலைவர், பின்னால் கூடை இல்லாத பெண்கள். அம்மா என் பக்கமே திரும்பவில்லை. எந்தக் கம்பு எந்தக் குழியில் இருந்தது என்று பெண்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது, காணி பிரித்தவர்கள் அல்லவா. லெச்சுமி அக்காதான் ஒவ்வொன்றாக எடுத்துக் குழியில் சொருகினார்.

முதல் குழி பாதை தொடங்குகிற வாய்க்காலடியில். அங்கே போய் நின்றதும் நாக்கு தானாகத் திரும்பியது. “1505. போர்த்துக்கீசர் கொழும்பில வந்து எறங்கினாங்க.” எதற்கு வந்தார்கள் என்று ராக்கம்மா அக்கா கேட்டார். கறுவாப்பட்டைக்கு என்றேன். கறுவாவுக்கு அவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்தானுங்களா, நம்ம கொழுந்தத் தூக்க லொறிக்காரன் பணிய இருந்து மேல வர மாட்டேங்குறானே என்றார். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

ஆடுகிற கல்லடியில் 1638, போர்த்துக்கீசரை விரட்டக் கண்டி ராஜா ஒல்லாந்தரோடு ஒப்பந்தம் செய்தது. அவர்களை விரட்ட வந்தவர்கள் பிறகு போகவே இல்லை என்று சொன்னபோது துரைக்கே சிரிப்பு வந்துவிட்டது. “இங்குரு தீலா மிரிஸ் கத்தா” என்றார். இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கின கதை என்று அவர் ஸ்கூலில் படித்ததாம். அடுத்த வளைவில் 1796, ஆங்கிலேயர் வந்தது. பைப்படியில் 1815, கண்டியும் போனது. நாலு நெறை தாண்டி 1818, கலகம். இந்த முறை ஒப்பந்தம் முதலிலும் கலகம் பிறகும் ஒழுங்காக நடந்தன. பதின்மூன்றாவது கம்பு வரைக்கும் ஒன்றும் பிசகவில்லை. இருநூறு பேருக்கு முன்னால் உதறிக்கொண்டு சொன்ன அந்த வருடங்கள் ஒன்றுகூட எனக்கு இன்றுவரை மறக்கவில்லை. மூன்று தரம் பார்த்து எழுதியது எங்கே போனதென்று தெரியவில்லை.

கடைசிக் குழி றோட்டோரம். லெச்சுமி அக்கா கம்பைச் சொருகினார். “1948, சுதந்திரம்” என்றேன். முடிந்தது என்று மூச்சு விட்டேன்.

அப்போதுதான் அம்மா வாய் திறந்தார்.

“அந்த வருசம் வேற ஒன்னும் நடந்துச்சு. அதையும் சொல்லு.”

எனக்குத் தெரியும். புத்தகத்தில் இருந்தது, மஞ்சள்கூட அடித்திருந்தேன். “பிரசாவுரிமைச் சட்டம். தோட்டத்து ஆளுங்களோட குடியுரிமைய எடுத்துட்டாங்க” என்றேன். அதைச் சொல்லும்போது முதல்முறையாக அது பாடமாகத் தெரியவில்லை. அம்மாவின் அப்பா எந்த நாட்டுக் காகிதமும் கையில் இல்லாமலே செத்துப்போனவர். அங்கே நின்றவர்களில் பாதிப் பேர் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தார். துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அம்மா சனத்தின் பக்கம் திரும்பினார். “கம்பு நட்டது என் மக. வேலைய நிப்பாட்டினது நான். ரெண்டு பேரு மேலயும் பிழைதான், நான் இல்லைங்கல. ஆனா நம்மகிட்ட சொல்லாம நம்ம காலுக்குக் கீழ கோடு போட்டுப் பழகிட்டாங்க. நாளைக்கு நெசமாவே எவனாவது கம்பு நட்டான்னா, அப்பவும் நான் நிப்பாட்டுவேன். இஷ்டம் இல்லாதவங்க இப்பவே வேற தலைவி பாத்துக்கங்க.”

ஒருவரும் வேறு தலைவி பார்க்கவில்லை. ராமையா தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அது சரிதான் என்றார். துரை கிளார்க்கைக் கூப்பிட்டு அம்மாவின் பெயரை வெட்டச் சொன்னார். எல்லோருக்கும் அரைப் பேர் போடவும் சொன்னார், அதாவது அரைநாள் வேலை செய்ததாகக் கணக்கு. போகும்போது என்னிடம், அடுத்த தடவ கம்பு நடுறதுன்னா ஆபீசுக்கு ஒரு கடிதம் குடு என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

வீட்டில் அம்மா ரொட்டி தட்டினார். வெட்கத்தில் செத்துவிடலாம் போல இருந்தது. நான் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். அப்பா அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல்முறையாகத் தானாகவே விறகு வெட்ட வெளியே போனார். இரண்டாவது ரொட்டியைத் தட்டில் போடும்போது அம்மா சொன்னார்:

“மகஜர் நல்லா எழுதியிருந்த.”

நான் அழுதுவிட்டேன். அம்மா சிரித்துவிட்டார். அவரும் அழுதாரா என்று தெரியவில்லை, அடுப்புப் புகை அதிகமாக இருந்தது.

வரலாற்றுக்கு பி வந்தது. பரீட்சை மண்டபத்தில் வாய்க்காலடியில் தொடங்கி றோட்டுவரை நடந்து போனேன், ஒவ்வொரு வளைவிலும் ராக்கம்மா அக்காவின் பேச்சோடு சேர்த்து எல்லாம் வந்தது. ஏ வராததற்குக் காரணம் ஐரோப்பா. அதற்கு எங்கள் தோட்டத்தில் மலை மிச்சமில்லை. (எட்டாம் நம்பரைக் கேட்டுப் பார்த்தேன். அம்மா அகப்பையை எடுத்தார்.) கெம்பஸ் போனேன், வந்தேன், இப்போது நுவரெலியாவில் ஓர் அரச அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

தோட்டத்தில் மட்டும் அது முடியவே இல்லை. ஏழாம் நம்பரில் வேலை நடக்கும் நாளில் கங்காணி, லெச்சுமி நீ எண்ணூத்திப் பதினஞ்சுல நெறை புடி, ராக்கம்மா நீ தொள்ளாயிரத்து முப்பத்தொண்ணுக்குப் போ என்றுதான் ஆள் பிரிப்பார். முப்பத்தொன்றில் அட்டை அதிகம், அங்கே யாரும் போக விரும்புவதில்லை. சர்வஜன வாக்குரிமை கிடைத்த இடம் என்றால் கேட்கிறார்களா? வேறு பிரிவிலிருந்து புதிதாக வந்த கங்காணி ஒருவர் முதல் கிழமை முழுக்க ஒன்றும் விளங்காமல் தலையைச் சொறிந்துகொண்டு நின்றாராம். கல்யாண வீட்டில், காதுகுத்தில், எங்கே போனாலும் யாராவது ஒருவர் என்னிடம், என்ன புள்ள, புதுசா எங்கயும் நட்டியா என்று கேட்காமல் விடுவதில்லை.

போன வருடம் ஒரு திங்கட்கிழமை, அலுவலகத்தில் ஆட்கள் வரிசையில் நிற்கும்போது அம்மாவிடமிருந்து போன் வந்தது. வேலை நேரத்தில் அம்மா போன் பண்ணுவதே இல்லை. பயந்துபோய் எடுத்தேன். பின்னால் பெண்களின் பேச்சுச் சத்தம் கேட்டது.

“பாப்பா, பதினோராம் நம்பர் மலையில வெள்ளைக் கம்பு நட்டிருக்கு. நம்பர் போட்டு. நீ எங்க இருக்க?”

“நுவரெலியாவுல, ஆபீஸ்லம்மா.”

“நேத்து ஞாயித்துக்கெழம இந்தப் பக்கம் வந்தியா?”

“வரலம்மா.”

“நெசமா?”

“சாமி சத்தியமா வரலம்மா.”

“சரி” என்று போனை வைத்தார். பத்து நிமிடத்தில் தோட்டம் முழுக்க வேலை நின்றது.